தீ வைத்தவர் யார்?

கேள்வி: பாரிஸில் கேபிள்களை வெட்டினார்கள், இங்கிலாந்தில் செல்போன் டவர்களைக் கொளுத்தினார்கள், கெய்ரோவில் தொலைபேசி நிலையமே எரிந்தது. இவை ஒரே சதியின் கண்ணிகள் என்பதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?

பதில்: மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். பாரிஸைச் சுற்றி 2022 ஏப்ரலில் நடந்தது நாசவேலையேதான். நெடுந்தூர ஒளியிழைக் கேபிள்களை ஒரே இரவில் பல இடங்களில் வெட்டுவது தற்செயலாக நடக்கக்கூடியதன்று. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் டவர்கள் எரிந்ததற்குப் பின்னால் இருந்தது, 5ஜி அலைகளால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி. பர்மிங்ஹாமில் கொரோனா நோயாளிகளுக்கென எழுப்பிய தற்காலிக மருத்துவமனைக்குச் சிக்னல் தந்த டவரும் அதற்குத் தப்பவில்லை.

கெய்ரோவின் கதை வேறு. 2025 ஜூலை 7 அன்று ராம்சேஸ் தொலைபேசி நிலையத்தில் பற்றிய தீயில் ஊழியர்கள் நால்வர் மாண்டார்கள். மறுநாள் பங்குச் சந்தையே இயங்கவில்லை. முதலில் வெளிவந்த செய்திகள் மின்கசிவைத்தான் சுட்டின. 1927இல் திறந்த ஒரு கட்டடத்தை நம்பி ஒரு தலைநகரத்தின் பேச்சும் பணமும் இருந்தன என்பதல்லவா உங்களைத் திடுக்கிட வைத்திருக்க வேண்டும்?

சதி என்ற சொல் நிர்வாகங்களுக்கு மிகவும் வசதியானது. எதிரியைத் தேடும் மும்முரத்தில் பராமரிப்புக் கணக்கை ஒருவரும் கேட்கமாட்டார்கள். தென்கொரியத் தலைநகர் சியோலைப் பாருங்கள். 2018 நவம்பர் 24, சனிக்கிழமை, கேடி (KT) என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆஹ்யோன் கிளையில் தரைக்கடியில் கேபிள்கள் செல்லும் சுரங்கத்தில் தீப்பிடித்தது. சுற்றுவட்டாரக் கடைகளில் அட்டைக் கருவிகள் செத்துப்போக, ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். அவசர உதவிக்கான 119 எண்ணுக்கும் பலரால் பேச முடியவில்லை. பல மாதம் விசாரித்த காவல்துறை, தீயின் மூலகாரணத்தைக் கண்டறிய முடியவில்லை என்று கைவிரித்தது. ஆனால் அது பரவியதற்கான காரணத்தை அறியத் துப்பறிவாளர் எவரும் தேவைப்படவில்லை: சுரங்கத்தில் தண்ணீர்த் தெளிப்பான் இல்லை, 500 மீட்டருக்குக் குறைந்த சுரங்கத்துக்கு அது தேவையில்லை என்று சட்டமே சலுகை கொடுத்திருந்தது. போதாக்குறைக்கு, பல வட்டாரங்களுக்குச் சேவை தந்த அந்தக் கிளையை முக்கியத்துவம் குறைந்த ‘டி’ பிரிவில் வைத்திருந்தார்கள். ஒரு வழி அறுந்தால் இணைப்பைத் தாங்கும் மாற்றுப் பாதை அந்தப் பிரிவுக்கு அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. மாற்றுப் பாதை அமைப்பதற்கான செலவு மிச்சமானது யாருக்கு என்று விசாரியுங்கள். சதிகாரரைவிட அவருடைய முகவரி எளிதாகக் கிடைக்கும்.