எந்த மொழிக்கு எந்தக் கீபோர்டு? வட சென்னைக் கேள்விகளும் பதில்களும்

தங்கசாலையில் கொஞ்ச நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாம் காதில் விழும். ஆனால் இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஆங்கிலக் கீபோர்டைத் தவிர வேறு எதுவும் இருக்காது. டிடிபி வேலையில் (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குத் தயாராக்குவது) பல வருடங்களாக இருப்பவன் என்பதால் இதைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, தமிழ் ஃபான்ட் ஒன்றை டவுன்லோட் செய்து அடித்தேன். நண்பனுக்கு அனுப்பினால் அவன் திரையில் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. என்னுடையது விண்டோஸ் 11. நல்ல சாஃப்ட்வேர் எது?

தம்பி, நீங்கள் இறக்கியது பாமினி மாதிரியான பழைய ஃபான்ட். அதில் 'அம்மா' என்று அடிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. நண்பரிடம் அந்தச் சட்டை இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் அடித்தால் தமிழ் எழுத்தே தமிழாகப் பதிவாகும், எங்கே போனாலும் அப்படியே தெரியும்.

அதற்குத் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லேங்குவேஜ்', அதற்குள் 'லேங்குவேஜ் அண்ட் ரீஜன்' போய்த் தமிழைச் சேருங்கள். விண்டோஸ் முழுவதையும் தமிழில் காட்டவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் வேண்டாம். சேர்ந்ததும் தமிழுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளி, லேங்குவேஜ் ஆப்ஷன்ஸ், 'ஆட் எ கீபோர்டு'. அந்தப் பட்டியலில் 'தமிழ் 99' இருக்கும். அப்புறம் விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

அதே மாணவர்: ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் வருகிற முறை சுலபமாக இருக்கிறதே? தமிழ்99 எதற்கு?

நாலு வரி மெசேஜுக்கு அது போதும். அதற்கும் 'அஞ்சல்', 'ஃபொனெட்டிக்' இரண்டும் விண்டோஸிலேயே உண்டு. ஆனால் பக்கம் பக்கமாக எழுதப் போகிறீர்கள் என்றால் இப்போதே தமிழ்99 பழகிவிடுங்கள். தமிழில் யோசித்து, மனசுக்குள் ஆங்கில எழுத்துக்கு மாற்றி, மறுபடி தமிழாக்குகிற சுற்று வழி கையையும் தளர்த்தும், எழுத்தையும் தளர்த்தும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் உருவான அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி ஓடும். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும் என்பது இதன் விதி. அதனால் 'அம்மா'வுக்கு ஏ, கே, கே, கியூ என நாலே தட்டு. ந, த இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'ந்த' வந்துவிடும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். கீபோர்டின் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு தினமும் ஒரு பத்தி அடியுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, டிடிபி கடை நடத்தும் பெண்: சார், நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். கை அதற்கே பழகிவிட்டது. கடையில் பேஜ்மேக்கரும் பாமினியும்தான். கஸ்டமர்கள் யூனிகோடில் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா?

வேண்டாம் அம்மா. உங்கள் விரல் வேகம் பெரிய சொத்து, அதை விடாதீர்கள். தமிழ் அடிக்க உதவும் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி ஆகிய சாஃப்ட்வேர்களில் டைப்ரைட்டர் அமைப்பு இருக்கிறது. மெஷினில் அடிப்பது போலவே கொம்பை முதலில் அடிக்கலாம், எழுத்தைச் சரியான வரிசையில் யூனிகோடாகப் பதிவதை அந்த சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். இ-கலப்பையில் பாமினி அமைப்புகூட உண்டு.

மாற்ற வேண்டியது பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரை. அதற்கு யூனிகோடு தெரியாது, எந்த ஃபான்ட் போட்டாலும் தெரியாது. அதே வேலையைச் செய்யும் இன்டிசைனுக்குப் போங்கள். அங்கேயும் தமிழை ஒட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் பயப்படாதீர்கள். பேராகிராஃப் பேனலின் மெனுவில் 'அடோபி வேர்ல்ட் ரெடி' என்று தொடங்கும் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து சரியாகிவிடும்.

பழைய ஃபைல்களை கன்வர்ட்டரில் போட்டு மாற்றலாம். ஆனால் பத்திரிகையில் இருக்கும் ஆங்கிலப் பெயர், இமெயில் முகவரி எல்லாவற்றையும் அது பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். அவற்றை முன்கூட்டியே தனியே எடுத்துவையுங்கள். மாற்றியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயர் தப்பினால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய வருத்தம் என்று உங்களுக்கே தெரியும்.

கொருக்குப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநர்: அண்ணே, வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். பொண்ணு இரண்டிலும் டைப் அடிக்க ஆசைப்படுகிறாள். இரண்டு கீபோர்டு கற்க வேண்டுமா?

அவளுக்கு இன்ஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுங்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவாகச் செய்த அமைப்பு அது, 1991இல் இந்தியத் தர நிர்ணயத்திலும் இடம்பெற்றது. எந்த மொழியாக இருந்தாலும் ஒரே ஒலி ஒரே கீயில் இருக்கும். கே, சி, என், ஈ என்று தட்டினால் தமிழில் 'கமலா'. மொழியைத் தெலுங்குக்கு மாற்றி அதே நாலு கீயைத் தட்டினால் தெலுங்கு எழுத்தில் கமலா. நாளைக்கு இந்தி வேண்டுமென்றாலும் இதே விரல்கள்தான். விண்டோஸில் 'தமிழ்', 'தெலுங்கு' என்று வெறும் பெயரோடு இருப்பவை இன்ஸ்கிரிப்ட் கீபோர்டுகள். தமிழ் மட்டும் போதும் என்பவருக்கு நான் தமிழ்99 சொல்வேன். இரண்டு மொழி பேசும் வீட்டுக்கு இதுதான் நல்லது.

மண்ணடி, அச்சகக்காரர்: நிக்காஹ் பத்திரிகைக்கு உருது அடிக்க வேண்டும். அரபிக் கீபோர்டு போதாதா?

போதாது பாய். உருதுக்கே உரிய டே, டால், பெரிய யே என்ற எழுத்துகள் எல்லாம் அரபிக் கீபோர்டில் இல்லை. இருக்கிற எழுத்திலும் சிக்கல் உண்டு. அரபிக் காஃபும் உருது காஃபும் யூனிகோடில் வேறு வேறு எழுத்து, சின்ன யேவும் அப்படித்தான். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. லேங்குவேஜில் உருதையே சேருங்கள். வரி இடது பக்கம் ஒட்டிக்கொண்டால் வலப்பக்கத்து கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள், வலமிருந்து ஓடும். ஃபான்டுக்கு 'நோட்டோ நஸ்தலீக் உருது' இலவசம்.

பெரம்பூர், ஜப்பானிய மொழி படிப்பவர்: ஜப்பானியர் எழுதும் சீன வழி எழுத்துகளான அத்தனை கஞ்சி எழுத்துக்கும் கீ எங்கே?

கீ கிடையாது. ஜப்பானிய மொழியைச் சேர்த்தால் அடிப்பதை ஜப்பானிய எழுத்தாக்கும் மைக்ரோசாஃப்ட் ஐஎம்இ வரும். ஒலியை ஆங்கிலத்தில் அடித்தால் ஹிரகானா என்ற ஒலியெழுத்து, ஸ்பேஸ் தட்டினால் கஞ்சி, மறுபடி தட்டினால் கஞ்சிகளின் பட்டியல், சரியானதில் என்டர். சொல்லில் தனியாக வரும் 'ன்' ஒலிக்கு என் கீயை இரண்டு முறை தட்டுங்கள்.

வியாசர்பாடி, விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துபவர்: தமிழ்99 எப்படி?

'ஐபஸ் எம்17என்' பேக்கேஜை நிறுவி, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். அப்புறம் கீபோர்டு செட்டிங்ஸில் இன்புட் சோர்ஸாகத் தமிழ்99ஐச் சேருங்கள். டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்டும் அதிலேயே உண்டு.

ராயபுரம், பிரவுசிங் சென்டர்: யாராவது தமிழில் அடித்துவிட்டுப் போனால் அடுத்தவருக்குப் பாஸ்வேர்டு ஏறுவதில்லை.

கீபோர்டு தமிழிலேயே நின்றிருக்கும். லாகின் திரையின் கீழ் மூலையில் மொழிக் குறி இருக்கிறது, அதைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தை முதலில் வையுங்கள்.

காசிமேடு, மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுபவர்: உறுப்பினர் பட்டியலில் 'கௌரி' என்று தேடினால் பாதிப் பேர் வருவதில்லை. கண்ணால் பார்த்தால் பெயர் இருக்கிறது.

எல்லோரும் கவனிக்க வேண்டிய கேள்வி இது. 'கௌ' என்பது ககரமும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. பட்டியலில் சிலர் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்திருக்கிறார்கள். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது 'கெளரி', வேறு சொல். உதவித்தொகைப் பட்டியலை ஒத்துப்பார்க்கும்போது ஒரு பெண்ணின் பெயர் இப்படி விட்டுப்போனால் நஷ்டம் அவருக்குத்தான். தமிழ்99இல் ககரம் தட்டி, ஔ இருக்கும் இசட் கீயைத் தட்டினால் சரியான எழுத்து வரும். 'ஔவை'யையும் ஒகரம், ளகரம் என்று பிரித்து அடிக்காதீர்கள்.

பழைய பட்டியலைத் திருத்த ஃபைண்ட் ரீப்ளேஸ் போடலாம். ஆனால் கொம்பையும் ளகரத்தையும் மொத்தமாக மாற்றச் சொல்லாதீர்கள். 'வெள்ளை', 'தெளிவு' எல்லாம் உடையும், உங்கள் ஏலக் கணக்கில் இருக்கும் கெளுத்தியும் உடையும். கெளரி, மெளனிகா, பெளர்ணமி என்று முழுச் சொல்லாகக் கொடுத்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்துவையுங்கள்.