பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எப்படி? தமிழக-கேரள எல்லையோரத்துக் கேள்விகளும் பதில்களும்

கம்பம், மகளிர் குழுப் பயிற்றுநர்: ஏலக்காய்த் தோட்டத்துக்குப் புதுசா வேலைக்குப் போற 12 பெண்களுக்குக் காய் எடுக்கச் சொல்லித் தரணும். ஒரு நாள் வகுப்பு போதுமாங்க?

ஒரே நாளில் ஆறு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். அதையே 40 நிமிடத் துண்டுகளாக்கி முதல் நாள், மறுநாள், நான்காம் நாள், பதினோராம் நாள் என்று இடைவெளி விட்டுக் கொடுங்கள். பாதி மறந்ததை மறுபடி நினைவுக்கு இழுக்கும்போதுதான் பாடம் நிலைக்கிறது.

முதல் நாள் ஒரு முறத்தில் 30 காய்: பிஞ்சு 10, முதிர்ந்தது 10, பழுத்தது 10, கலந்து வையுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டிரண்டு பேராகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு காயையும் நகத்தால் கீறிப் பார்க்கட்டும். விதை வெளுத்திருந்தால் பிஞ்சு, கறுத்திருந்தால் முதிர்ந்தது, தோல் மஞ்சள் தட்டியிருந்தால் பழம். தான் பிரித்தது சரியா என்பதைக் காயே சொல்லிவிடும், நீங்கள் திருத்த வேண்டியதில்லை. காரணத்தை அதற்கப்புறம் சொல்லுங்கள். பிஞ்சு உலர்ந்தால் சுருங்கி எடை போய்விடும், பழம் உலரும்போது வெடிக்கும். வீட்டில் மிளகாயும் புளியும் காயப்போட்ட கைகள் அவை, சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து செடியடியில். வேலை வேகத்தில் ஒரு தடவை பேசாமல் எடுத்துக் காட்டுங்கள். இரண்டாம் தடவை மெதுவாக, மூன்றே குறிப்புடன். மூன்றாம் தடவை ஏன் என்ற காரணத்துடன். பிறகு அவர் எடுக்கட்டும், எடுத்துக்கொண்டே குறிப்புகளை வாயால் சொல்லட்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைப் பழக்கிய முறை ஏறக்குறைய இதுதான். எதிரில் நிற்காதீர்கள், இடம் வலம் மாறித் தெரியும். பக்கத்தில் நில்லுங்கள். அவர் தடுமாறும்போது சரத்தை வாங்கி நீங்களே எடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. பத்து வினாடி பொறுங்கள்.

முக்கியமாக, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். "எங்கே, எடுத்துக் காட்டுங்கக்கா" என்று கேளுங்கள்.

செங்கோட்டை, வங்கி முகவர்: கடைக்காரப் பெரியவங்களுக்கு யுபிஐ சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் புரியுதுன்னாங்க. மறு வாரமே ஒருத்தர் ஏமாந்துட்டார்.

மேலே சொன்ன தலையாட்டல்தான். அவரவர் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்ப வையுங்கள், வாங்க வையுங்கள். வாங்கும்போது பின் நம்பர் கேட்கவில்லை என்பதைத் தம் கையாலேயே பார்க்கட்டும். அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல், "பணம் வர இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். பின் நம்பரில் விரல் போகும் முன் நிறுத்துங்கள். அந்த ஒரு நிமிடம் எந்தச் சுவரொட்டியையும் விட அதிகம் கற்றுத்தரும்.

களியக்காவிளை, தோட்ட மேற்பார்வையாளர்: மருந்தடிக்கிறவங்க தமிழ், கங்காணி மலையாளம். கலந்து பேசினா போதும்தானே?

போதாது. ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள்தான் இங்கே ஆபத்து. மலையாளத்தில் "வெள்ளம்" குடிநீருக்கும் தொட்டி நீருக்கும் பொது, தமிழ்க் காதுக்கு அது பெருக்கு. "பனி" அங்கே காய்ச்சல், இங்கே அதிகாலைக் குளிர். "மருந்தடிச்சு பனி வந்தால் சொல்லணும்" என்றால் நம்மவர் விளங்காமல் நின்றுவிடுவார். இப்படி இடறுகிற பத்துச் சொற்களை முதலில் எழுதி ஒட்டுங்கள். டப்பா முக்கோணத்தின் நிறம் மொழி கேட்காது: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை குறைகிறது. நான்கு காலி டப்பாக்களை வரிசைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள்.

பொள்ளாச்சி: பார்த்துப் படிக்கிறவங்க, கேட்டுப் படிக்கிறவங்கன்னு ஆளைப் பிரிச்சுக் கத்துத்தரணும்ங்கறாங்களே?

பிரிக்க வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008-லேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். காய் எடுப்பதைப் பார்க்கத்தான் வேண்டும், காது மட்டும் போதாது.

கொழிஞ்சாம்பாறை, முதியோர் கல்வித் தன்னார்வலர்: நீங்க திரும்பத் திரும்ப "காட்டுங்க, சொல்லுங்க"ன்னு சோதிக்கச் சொல்றீங்க. ஐம்பது வயசுல பள்ளிக்கூடப் பயத்தை மறுபடி கிளப்பறதா? இது அவமானம்.

உங்கள் கவலை நியாயமானது, அதனால் நீட்டியே சொல்கிறேன். அவமானம் வருவது மதிப்பெண்ணாலும், ஊர் முன்னால் தனியாக நிறுத்துவதாலும். நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது வேறு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் சோதித்தார்கள். திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

அதே தன்னார்வலர்: அது கல்லூரிப் பிள்ளைங்க. எங்க ஆட்கள் பேனாவே பிடிக்காதவங்க.

ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சோதனை அவர்கள் மீதுதான். அதனால் எழுத வைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் காட்டட்டும், பின் இடம் மாற்றட்டும். பதிவேடு வேண்டாம், பெயர் வேண்டாம். தவறினால் யாருக்கும் தெரியாது. பேனா பிடிக்காதவர்களை வெறும் கேட்பவர்களாக உட்கார வைப்பதுதான் எனக்கு வருத்தம். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளத்தை முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவித்தவர் புதிதாகப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. அவரைப் போன்றவர்கள் எழுத்தைக் காதால் மட்டும் கேட்டுக் கற்கவில்லை, கையால் எழுதித்தான் கற்றார்கள்.

அதே தன்னார்வலர்: இரட்டையர் முறை சரி. பெண்ணுக்கு ஆண் ஜோடி வேண்டாம்.

சரி, அதைத் தெரிந்தவர் நீங்கள்தான். ஜோடியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

கூடலூர்: கேட்டதில் 20 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவிருக்கும்னு படம் வருதே, வகுப்புல காட்டலாமா?

வேண்டாம். அந்தப் படத்துக்கு மூலம் என்று சொல்லப்படுவது, அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-ல் போட்ட 'அனுபவக் கூம்பு'. அதில் அந்த எண்கள் கிடையாது.

குமுளி: பயிற்றுநர் சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

அது என் துறை இல்லை. வேலைக்கு எடுக்கிறவர்களிடம் பேசுங்கள்.

தேனி: ஸ்லைடு எத்தனை போடலாம்?

இன்று மூன்றாவது தடவை வரும் கேள்வி. படம் காட்டலாம், வரி வேண்டாம். உங்கள் வகுப்பில் காய் இருந்தால் முறத்தைப் பாருங்கள், மேலே உள்ளது.

புளியரை: மண்டபத்துல 60 பேர், ஒரே மணி நேரம், பாம்புக்கடி முதலுதவி. வேற வழியில்லைங்க.

அப்படியானால் ஒன்றையே எடுங்கள்: கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதே, கீறாதே, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. 15 நிமிடம் செய்து காட்டுங்கள், ஐந்து மூலைகளில் 12 பேராகப் பிரித்து எல்லாரையும் ஒரு தடவை சிம்பு (அசையாமலிருக்கக் குச்சி வைத்துப் போடும் தளர்வான கட்டு) கட்டச் சொல்லுங்கள், மேற்பார்க்க ஐந்து பேரை முந்தின நாளே பழக்கிவையுங்கள். "புரிஞ்சுதா?" கேட்காதீர்கள். சிம்புக் கட்டு மிகவும் இறுகிவிட்டதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.