உசாத்துணைப் பட்டியலில் கியூ1 சஞ்சிகைகள் மட்டும்தான் இருக்க வேண்டுமா?

தேயிலை மண் பற்றிய முதுதத்துவமாணி ஆய்வில், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய வெளியீடுகளைத் தூக்கிவிட்டு கியூ1 கட்டுரைகளைப் போடச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்காதீர்கள்.

ஒரு துறையின் சஞ்சிகைகளை வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தால் முதல் காற்பங்கில் வருவதுதான் கியூ1. அது சஞ்சிகைக்குக் கிடைத்த இடம், கட்டுரைக்கு அல்ல. ஒரே சஞ்சிகை ஒரு துறையில் கியூ1, இன்னொன்றில் கியூ2 என்றும் இருக்கும். அப்படி வரிசைப்படுத்தப் பயன்படும் எண்களில் ஒன்றான இம்பெக்ட் பெக்டரின் கணக்கைப் பாருங்கள்: 2022, 2023 இல் சஞ்சிகையில் வந்தவற்றுக்கு 2024 இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரு வருடக் கட்டுரைத் தொகையால் வகுப்பார்கள். 80 கட்டுரை, 200 மேற்கோள் என்றால் 2.5. எழுதுகிறவர்களை நெருக்கி இன்னும் 40 மேற்கோள் சேர்த்தால் 3.0. "எங்கள் சஞ்சிகையின் அண்மைக் கட்டுரைகளையும் சேருங்கள்" என்ற கடிதம் இதற்குத்தான் வருகிறது. எந்தக் கட்டுரை, எதற்கு என்று சொல்லாவிட்டால் சேர்க்கத் தேவையில்லை.

மேல்நாட்டில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துச் சுற்றே நாலைந்து வருடம். ஒரு முழுச் சுற்று உரப் பரிசோதனையை இன்னொருவர் தன் மலையில் செய்து பார்த்து மேற்கோள் காட்டும்போது அந்த இரண்டு வருடம் எப்போதோ கழிந்திருக்கும்.

பழைய வெளியீட்டை மாற்றினால் எங்கே பிழை வரும்? பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரையில் "தேயிலைக்கு பீஎச் (மண்ணின் அமிலத்தன்மை அளவு) 4.5 – 5.5" என்று ஒரு வரிதான் இருக்கும். எந்த ஆழத்து மண், எதில் கரைத்து அளந்தது என்பது பெரும்பாலும் இராது. கல்சியம் குளோரைட் கரைசலில் அளந்தால் நீரில் அளந்ததைவிட ஏறத்தாழ அரை அலகு குறைவாகக் காட்டும். அதைப் பாராமல் ஒப்பிட்டால், அமிலத்தைக் குறைக்க டொலமைட் போடும் அளவே மாறிப்போகும்.

ஆகவே ஒவ்வொரு மேற்கோளுக்கும் எதிரே எண்ணா, முறையா, விவாதமா என்று குறியுங்கள். எண் என்றால் அளந்தவரின் வெளியீடு. டிஓஐ (கட்டுரையின் இணைய அடையாள எண்) இல்லாவிட்டால் தொகுதி, இதழ், பக்கம் முழுதாகக் கொடுங்கள். முறைக்கு, அதை முதலில் விவரித்த கட்டுரை. விவாதத்துக்குப் புதிய கியூ1 தாராளமாக. நல்ல சஞ்சிகைகளை இகழ்கிறேன் என்று யாரும் வரிந்துகட்ட வேண்டாம். சஞ்சிகையின் எண்ணைத் தனிக் கட்டுரையின் தரமாகக் கொள்ளாதீர்கள் என்பது ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012 சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்திலேயே உள்ளதுதான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளரின் லயன் வாழ்க்கை பற்றித் தமிழில் வந்த ஆய்வைப் போட்டால், "ஆங்கிலத்தில் ஒன்றும் இல்லையா?" என்கிறார்கள். நாமும் ஆசிரியர் பெயரை ஆளுக்கொரு விதமாக ஆங்கில எழுத்தில் எழுதி, ஒரே நூலை மூன்றாகப் பதியவைக்கிறோம். நூலகப் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள்.