கின்சா சுஷிக் கடை: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், வேலை நிமித்தமாக டோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் ஒரு சுஷிக் கடைக்குப் போய்வந்ததைப் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி சுஷியைப் பற்றித்தான். சரி, இந்தப் பக்கம் முழுக்க அதற்கே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்ப்பாளர். கம்பெனிக்காரர்கள் விருந்து கொடுக்கும்போது நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் பேசிக்கொடுப்பது என் பிழைப்பு. இரவு விருந்துக்கு என் கைக்காசைப் போட்டதே கிடையாது. என் காசில் என்றால் மதியம்தான்.

கே: அடுத்த மாதம் என் கணவரின் மேலதிகாரி எங்கள் இருவரையும் கின்சாவில் ஒமகாசே சாப்பிட அழைத்திருக்கிறார். எனக்குப் பச்சை மீன் பழக்கமே இல்லை. அங்கே போய் எப்படிச் சமாளிப்பது? (வாசகி, நிஷி-கசாய்)

ப: அங்கே போய்ச் சமாளிக்கிற விஷயமே இல்லை இது. இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒமகாசேயில் மெனு அட்டை கிடையாது. சமையல்காரர் என்ன தருகிறாரோ அதுதான் சாப்பாடு. இத்தனை நாற்காலி, இத்தனை துண்டு என்று கணக்குப் போட்டுத்தான் காலையில் மீன் வாங்குகிறார். அதனால் முன்பதிவின்போதே எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுவிடுவார்கள். சிப்பி வேண்டாம், நண்டு அலர்ஜி என்று அப்போது சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால் அவருக்கும் சங்கடம், அழைத்தவருக்கும் சங்கடம்.

எல்லாமே பச்சை என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அனாகோ என்னும் கடல் விலாங்கை மெத்தென்று வேகவைத்து, மேலே ஒரு கெட்டிச் சாறு தடவித் தருவார்கள். குருமா-எபி என்னும் இறால் வகை அநேகமாக வெந்துதான் வரும். ஹமகுரி மட்டியும் வெந்ததுதான், ஆக்டோபஸும் அப்படியே. கடைசியில் சுட்ட முட்டை அடை. பச்சையில் ஹிராமே போன்ற வெள்ளை மீன் மென்மையானது, வாடை கிடையாது. இந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்தில் சாதாரணக் கடை ஒன்றில் அதை ஒரு தட்டு வாங்கிப் பாருங்கள். இறங்கவில்லையென்றால் மேலதிகாரியிடம் கணவரை மட்டும் அனுப்புங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அப்புறம், அன்றைக்கு செண்ட் வேண்டாம். இதை மட்டும் கறாராகச் சொல்வேன். எட்டுப் பேர் தோளோடு தோள் உட்காரும் இடத்தில் உங்கள் வாசனைதான் எட்டுப் பேரின் மீனிலும் இருக்கும். மோதிரம், கைக்கடிகாரம் முன்னால் இருக்கும் பரிமாறும் மேடையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் அந்த மேடை ஹினோகி மரத்தின் ஒரே பலகை. மெருகெண்ணெய் பூசாத வெறும் மரம், ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

கே: தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் சுஷிக் கடையில் ஒரு தட்டு நூற்றுச் சொச்சம் யென். கின்சாவில் ஆளுக்கு நாற்பதாயிரம். அதே சோறு, அதே மீன். யாரை ஏமாற்றுகிறார்கள்? (வாசகர், யோகோஹாமா)

ப: கோபம் நியாயமானது. ஆனால் அதே சோறும் இல்லை, அதே மீனும் இல்லை.

விலையில் ஒரு பங்கு இடத்துக்குப் போகிறது. எட்டுப் பத்து இருக்கை, இரவில் இரண்டு பந்தி, கின்சா வாடகை. இதில் விளக்க ஒன்றுமில்லை. இன்னொரு பங்கு டோயோசுச் சந்தைக்கு. 2018 அக்டோபரில் ட்சுகிஜியிலிருந்து அங்கே மாறிய மொத்தச் சந்தைதான். அங்கே சூரைக்கு ஒரு வியாபாரி, சிப்பிக்கு ஒருவர், இறாலுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள். எந்த மீனில் எந்தத் துண்டு எந்தச் சமையல்காரருக்கு என்பதை அந்த வியாபாரிதான் முடிவு செய்கிறார். காசை நீட்டினால் மட்டும் நல்ல துண்டு வந்துவிடாது, பல வருடப் பழக்கம் வேண்டும். 2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனதைப் படித்திருப்பீர்கள். அது விளம்பரக் கணக்கு. வாங்கியவர் ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு சுஷிக் கடை நிறுவனத்தின் முதலாளி. உங்கள் தட்டு விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மீதிப் பங்குதான் எனக்குப் பிடித்தது. நீங்கள் வருவதற்கு முன்னால் நடந்து முடிந்துவிட்ட வேலைக்கான கூலி அது. கொஹாதா என்று உள்ளங்கை நீளத்தில் வெள்ளியாய் மின்னும் ஒரு மீன் இருக்கிறது. மலிவான மீன், முள்ளும் அதிகம், அப்படியே தின்றால் வாடை தூக்கும். அதைப் பிளந்து, முதுகெலும்பை எடுத்து, உப்புத் தூவி வைக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்பதற்கு நிலையான கணக்கு இல்லை. மீனின் கனம், கொழுப்பு, அன்றைய வெக்கை மூன்றையும் பார்த்து நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கிறார்கள். உப்பைக் கழுவி, வினிகரில் போட்டு எடுத்து, வடியவிட்டு, ஒரு நாளோ அதற்கு மேலோ ஓய்வு. அப்போதுதான் உப்பும் புளிப்பும் நடுச்சதைவரை சமமாக இறங்கும். கோடை தொடக்கத்தில் இதன் குஞ்சு மீன் வரும், ஷிங்கோ என்பார்கள். விரல் அளவுதான், ஒரு சுஷிக்கு இரண்டு மூன்று மீனை அடுக்க வேண்டும். முதல் வரவு கிலோ பல பத்தாயிரம் யென்னுக்குப் போகும். ஒரு புதுக் கடையை எடைபோட ஜப்பானிய நண்பர்கள் சூரையைப் பார்ப்பதில்லை; கொஹாதாவைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

புத்தம்புது மீன்தான் உயர்ந்த சுஷி என்பது பாதி உண்மை. பிடித்த உடனே வெட்டினால் சதை கடிக்க விறைப்பாக இருக்கும், ருசி குறைவு. செத்த மீனின் தசையில் இருக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் தரும் வேதிப்பொருள் சிதைந்து இனோசினிக் அமிலமாக மாற நேரம் வேண்டும். நாக்கு ருசி என்று உணர்வதில் பெரும்பகுதி அதுதான். அதனால் பெரிய சூரையைக் காகிதத்தில் சுற்றிக் குளிரில் நாள்கணக்கில் வைப்பார்கள். தினமும் காகிதம் மாற்ற வேண்டும், காய்ந்த ஓரத்தைச் சீவி எறிய வேண்டும். எறிகிற ஓரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

சோறு இன்னும் பெரிய விஷயம். சாக்கே என்னும் அரிசி மது வடித்த சக்கையை வருடக்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கும் சிவப்பு வினிகரை ஊற்றியதால் சில கடைகளில் சோறு இளம்பழுப்பாக இருக்கும். உடம்புச் சூட்டில்தான் பிடிக்க வேண்டும் என்பதால் பந்திக்குத் தகுந்தபடி அடுப்பில் ஏற்றுகிறார்கள். நல்ல கையில் பிடித்த சுஷியைத் தட்டில் வைத்ததும் உற்றுப் பாருங்கள். ஒரு இழை கீழே அமுங்கும். உள்ளே காற்று விட்டுப் பிடித்திருப்பதால் மீனின் கனத்துக்கே சோறு இறங்கிக்கொடுக்கிறது. வாயில் போட்டால் பருக்கை பருக்கையாகப் பிரியும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் நாற்பதாயிரம் அதிகம் என்று தோன்றினால், அதுவும் சரிதான். பல நல்ல கடைகளில் அதே சோறும் அதே கையும் மதியத்தில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். துண்டுகள் குறைவு, சின்னச் சின்ன முன்தட்டுகள் இருக்காது. சுஷிக்காகவே போகிறவருக்கு அந்த முன்தட்டுகள் எதற்கு?

கே: கையால் சாப்பிடலாமா? சாப்ஸ்டிக்தானா? (வாசகர், சுகுபா)

ப: இரண்டும் சரி. 19ஆம் நூற்றாண்டில், டோக்கியோவுக்கு ‘எடோ’ என்று பெயர் இருந்த காலத்தில், தெருக்கடையில் நின்றுகொண்டே கையால் தின்ற அவசரச் சாப்பாடு இது. நான் கையால்தான் சாப்பிடுகிறேன். அவ்வளவு இளகப் பிடித்த சோறு சாப்ஸ்டிக்கில் உடைகிறது. விரல் துடைக்க ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கும். ஒரே வாயில் போடுங்கள். வாய் சிறியது என்றால் சோற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லலாம், சந்தோஷமாகச் செய்வார்கள். சோயாவைத் தேடாதீர்கள், பெரும்பாலும் அவரே தூரிகையால் தடவித்தான் வைப்பார். வசாபியும் உள்ளேயே இருக்கிறது. இஞ்சி ஊறுகாய் இரண்டு துண்டுக்கு நடுவே வாயைக் கழுவத்தான், மீன்மேல் வைத்துத் தின்ன அல்ல.

இந்த விதிகளில் நாலைந்தை மறந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒன்றே ஒன்றுக்குத்தான் மேடைக்கு அந்தப் பக்கம் முகம் வாடும்: வைத்ததை உடனே எடுக்காமல் இருப்பது. ஒருமுறை விருந்தாளி ஒருவர் சூரையைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஏற்றுமதி வரியைப் பற்றி நீளமாகப் பேச, நான் அதை மொழிபெயர்த்துக்கொண்டே சமையல்காரரின் கண்ணைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறுகிறது, கொழுப்பு இளகி வழிகிறது, அவர் கையில் இருந்த அடுத்த துண்டுக்கு இடமில்லை. நான் மொழிபெயர்ப்பை நடுவில் நிறுத்தி, “முதலில் சாப்பிட்டுவிடலாமே” என்றேன். கூலி குறையவில்லை.

கே: நானும் மனைவியும் சுத்த சைவம். அனுபவத்துக்காக ஒருமுறை போகலாமா? (வாசகர், ஒசாகா)

ப: வேண்டாம். வெள்ளரிச் சுருளும் சுரைக்காய்ப் பட்டைச் சுருளும் உண்டு என்று யாராவது சொல்வார்கள். ஆனால் அந்தச் சுரைக்காயை வேகவைக்கும் சாற்றில் பல இடங்களில் கட்சுஒபுஷி என்னும் காய்ந்த மீன் இருக்கும். முட்டையில்கூட அரைத்த இறால் இருக்கும். அதே பணத்துக்குக் கியோத்தோவில் புத்தக் கோயில் சார்ந்த ஷோஜின் என்னும் சைவச் சாப்பாடு அருமையாகக் கிடைக்கிறது. கோயில் மரபுச் சமையல் என்றாலும் சாறு எதில் எடுத்தது என்று பதிவின்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: சால்மன் எனக்கு உயிர். உயர்ந்த கடைகளில் ஏன் தருவதில்லை? (வாசகி, கவாசாகி)

ப: பழைய எடோ வழிக் கடைகளின் பட்டியலில் அது இருந்ததே இல்லை. பசிபிக் சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு உண்டு என்பதால் ஜப்பானியர்கள் அதை உப்பிட்டுச் சுட்டுத்தான் தின்றார்கள். 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை சால்மனைப் பச்சையாகத் தின்னலாம் என்று இங்கே விற்க ஆரம்பித்தார்கள். பெல்ட் கடைகளில் பிடித்துக்கொண்டது. உங்கள் ருசியில் ஒரு குறையும் இல்லை, அதற்கு அந்தக் கடைகளே நல்லது. கின்சாவில் சால்மன் கேட்டு ஏமாறாதீர்கள்.

கே: அந்தப் புழு என்றதும் பயமாக இருக்கிறது. வசாபியும் வினிகரும் கொன்றுவிடும் என்கிறார்களே? (வாசகர், யோகோஹாமா)

ப: கொல்லாது. சாப்பாட்டில் சேர்க்கும் அளவு உப்பு, வினிகர், வசாபி எதற்கும் அது சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்தால் சாகும், வேகவைத்தாலும் சாகும். நல்ல கடையில் குடலைச் சீக்கிரம் எடுப்பது, சதையை வெளிச்சத்தில் கண்ணால் தேடுவது, கணவாயை நெருக்கமாகக் கீறுவது எல்லாம் இதற்கும் சேர்த்துத்தான். சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிறு பிடுங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், பச்சை மீன் தின்றதைச் சொல்லுங்கள்.

கே: ஒபாமா சாப்பிட்ட கடையில் இடம் வாங்குவது எப்படி? (வாசகர், நிஷி-கசாய்)

ப: சுகியாபாஷி ஜிரோ. 2014 ஏப்ரலில் அன்றைய ஜப்பானியப் பிரதமர் அபே ஒபாமாவை அங்கே அழைத்துப்போனார். கின்சாவில் ஒரு கட்டடத்தின் நிலவறைத் தளத்தில் பத்தே இருக்கை. பொதுமக்கள் பதிவுசெய்ய வழியில்லை என்பதாலேயே, உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷ்லின் 2019 இறுதியில் தன் கையேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டது. ருசி குறைந்து அல்ல. பெரிய ஹோட்டலில் தங்கினால் அங்குள்ள உதவி மேசையில் கேட்டுப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், சுமார் இருபது துண்டை அரை மணி நேரத்தில் முடித்து எழுந்துவிடும் வேகம் எல்லாருக்கும் ஒத்துவராது. டோக்கியோவில் நல்ல கை வேறு எத்தனையோ இருக்கிறது.

கே: டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்? (வாசகி, சுகுபா)

ப: ஒரு யென்கூட வேண்டாம். 10 சதவீத வரியும், சில இடங்களில் சேவைக் கட்டணமும் பில்லிலேயே இருக்கும்.

கே: போட்டோ எடுக்கலாமா? (அதே வாசகி)

ப: கேட்டுவிட்டு எடுங்கள். சத்தமில்லாமல் ஒன்று, அவ்வளவுதான். பக்கத்து ஆளும் சமையல்காரர் முகமும் படத்தில் விழக்கூடாது. போனை மேடைமேல் வைக்காதீர்கள்.

கே: ஒமகாசே முடிந்தும் பசித்தால்? பிடித்ததை இன்னொன்று கேட்பது அநாகரிகமா? (வாசகர், கவாசாகி)

ப: அநாகரிகமே இல்லை, அநேகமாக அவரே கேட்பார். முட்டை வந்தால் வரிசை முடிந்தது என்று பொருள். அப்போது, “கொஹாதா இன்னொன்று” என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மலரும். கூடுதல் துண்டுக்குத் தனிக் காசு. விலை எங்கும் எழுதியிருக்காது. அழைத்தவர் வேறொருவர் என்றால் அவர் முதலில் கேட்கட்டும். அனாகோ சொல்வதானால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கடைசிப் பந்தியில் சட்டென்று தீர்ந்துவிடும்.