தைபேயில் ஒரு கூடை சியாவ்லோங்பாவுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: "தைபேயில் இரண்டே நாள் தங்கப்போகிறோம். டின் டாய் ஃபங் உணவகத்தில் எந்நேரமும் கூட்டம் என்கிறார்கள். டம்ப்ளிங் சாப்பிட அவ்வளவு நேரம் காத்திருப்பது தகுமா? கூட வரும் அம்மா சைவம்."

தகும். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அந்த உணவகம் பெயர்பெற்றது சியாவ்லோங்பாவுக்கு: மெல்லிய கோதுமை மாவுத் தோலுக்குள் இறைச்சியும் சூடான சூப்பும் இருக்க, கூடையில் வைத்து ஆவியில் வேகவைக்கும் டம்ப்ளிங் அது.

சிஞ்சு நகரில் சிப் தொழிற்சாலை வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அங்கிருந்து அதிவேக ரயிலில் தைபேக்கு அரை மணி நேரம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் தைபே 101 கோபுரத்தின் தரைக்குக் கீழ்த் தளத்தில் இருக்கும் கிளைக்கு அழைத்துப் போவேன். என் அம்மாவும் சைவம். அவரும் அங்கே என்னோடு காத்திருந்திருக்கிறார்.

வாசலில் எத்தனை பேர் என்று கேட்டு டோக்கன் தருவார்கள். திரையில் எண் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் முழுவதும் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுந்து கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் போங்கள். அதற்குப் பின்னால்தான் சமையலறை. வெள்ளை உடை, தொப்பி, முகக்கவசத்தோடு வரிசையாக நின்று வேலை செய்வார்கள். ஒருவர் மாவைத் துண்டு போட, ஒருவர் சிறு உருளையால் வட்டமாகத் தேய்க்க, இன்னொருவர் பூரணம் வைத்துத் தராசில் போட்டுப் பார்ப்பார். மேல்தோல் 5 கிராம், பூரணம் 16 கிராம், மொத்தம் 21 கிராம். மேலே 18 மடிப்புகள். இது விளம்பரத்துக்காகச் சொல்லும் எண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நின்று எண்ணிப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

என் அம்மா தீபாவளிக்குச் சோமாசி செய்யும்போது அச்சைத் தொடமாட்டார். ஓரத்தை விரலாலேயே மடித்து மடித்துப் பின்னுவார். அன்று கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் எங்கள் எண் வரும்வரை நகரவில்லை. "அந்தப் பையன் வலது கட்டைவிரலை அசைக்கவே இல்லை, கவனித்தாயா?" என்று கேட்டார். அதுவரை பலமுறை போயிருந்தும் நான் கவனிக்காத விஷயம் அது. கட்டைவிரல் ஒரே இடத்தில் நிற்கிறது; சுட்டுவிரல் மடிப்பைக் கொண்டுவந்து அதில் சேர்க்கிறது; இடது கை மாவைச் சுழற்றிக் கொடுத்துக்கொண்டே பூரணத்தை உள்ளே அமுக்குகிறது. சில நொடிகளில் ஒன்று முடிந்துவிடும். உள்ளே இருந்த இளைஞர் அம்மாவைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அடுத்த ஒன்றை எங்களுக்குத் தெரியும்படி கையை உயர்த்தி, மெதுவாக மடித்தார். தைவானில் எனக்குக் கிடைத்த நல்ல நிமிடங்களில் அதுவும் ஒன்று.

தமிழில் இதைச் 'சீனக் கொழுக்கட்டை' என்று எழுதிவிடுகிறார்கள். ஆவியில் வேகிறது, உள்ளே பூரணம் இருக்கிறது என்பதால் அப்படித் தோன்றலாம். ஆனால் அரிசி மாவை இழுத்தால் விண்டுபோகும். இது கோதுமை மாவு. பிசைந்து ஊறவிட்டால் இழுத்த இழுப்புக்கு வரும். அந்த வகையில் இதன் தோல் நம் பரோட்டா மாவுக்குத்தான் நெருங்கிய உறவு. அடியில் தெரியும் அளவுக்கு மெல்லிய தோல், உள்ளே ஒரு மிடறு சூப்பைத் தாங்கி நிற்பது அந்த இழுவையால்தான்.

அந்தச் சூப்பை உள்ளே எப்படி ஊற்றுகிறார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். ஊற்றுவதில்லை. பன்றித் தோலை நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றை ஆறவிட்டால் கெட்டியான கூழாக உறையும். அதைக் கொத்தி இறைச்சியோடு கலந்து மடித்துவிடுவார்கள். ஆவி பட்டதும் அது மறுபடி சாறாகிறது. ஷாங்காயை ஒட்டிய நான்ஷியாங் ஊரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய முறை இது.

உணவகத்தை நிறுவிய யாங் பிங்யி சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் பிறந்து தைவானுக்கு வந்தவர். அவரும் மனைவியும் 1958இல் தொடங்கியது சமையல் எண்ணெய்க் கடை. டப்பாவில் அடைத்த எண்ணெய் சந்தைக்கு வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. 1972இல் கடையின் பாதி இடத்தில் சியாவ்லோங்பாவ் விற்கத் தொடங்கினார்கள். எண்ணெயை அளந்து விற்ற குடும்பம் என்பதால்தான் தராசை விடவில்லை என்று நானாக நினைத்துக்கொள்வதுண்டு. 1993இல் நியூயார்க் டைம்ஸ் உலகின் சிறந்த பத்து உணவகங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. 2023இல், 96 வயதில், யாங் காலமானார்.

இப்போது உங்களுக்குப் பயன்படும் முக்கியமான விஷயம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். முதல்முறை நண்பர்களோடு போனபோது பசியில் நான்கு கூடைகளை ஒன்றாக வரவழைத்தேன். பேசிக்கொண்டே படம் எடுத்து, இரண்டு கூடை முடிப்பதற்குள் மற்ற இரண்டும் ஆறிவிட்டன. தோல் இறுகிக் கூடையில் ஒட்டிக்கொண்டது. குச்சியால் தூக்கியபோது கிழிந்து சாறெல்லாம் அடித்துணியில் இறங்கிவிட்டது. அத்தனை கைகள் பட்ட வேலையை என் அவசரத்தால் வீணாக்கிவிட்டேன் என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது. ஒரு கூடை முடியும் தறுவாயில் அடுத்ததைக் கொண்டுவரும்படி பணியாளரிடம் சொல்லுங்கள். சிரித்த முகத்தோடு செய்வார்கள்.

மூடியைத் திறந்ததும் ஒரு நிமிடம் பொறுங்கள். கிண்ணத்தில் சோயா சாஸ் ஒரு பங்கு, வினிகர் மூன்று பங்கு, அதில் நூல்போல் நறுக்கிய இஞ்சி. உச்சியில் மடிப்புகள் சேரும் முடிச்சைக் குச்சியால் பிடித்து நிதானமாகத் தூக்கி, தொட்டு எடுத்துக் கரண்டியில் வையுங்கள். பக்கவாட்டில் சிறிதாகக் கடித்துத் துளை செய்து, வடியும் சாற்றைக் கரண்டியிலிருந்து குடித்துவிட்டு, இரண்டு இழை இஞ்சியோடு மிச்சத்தைச் சாப்பிடுங்கள். முழுசாக வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். பிறகு அன்று முழுவதும் எதிலும் ருசி தெரியாது.

பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் கோழி உண்டு. இறாலும் பீர்க்கங்காயும் சேர்ந்தது ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பீர்க்கங்காய்க்கே உரிய இளம் இனிப்பை அங்கேதான் முழுதாக உணர்ந்தேன். மிளகாய் எண்ணெயில் மிதக்கும் வான்டன் என்ற சிறு டம்ப்ளிங் நம் நாக்குக்கு இதமாக இருக்கும். வறுத்த சோறு நன்றாகவே இருக்கும், ஆனால் அதில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சாறு நிறைந்த சியாவ்லோங்பாவ் கிடைக்காது. அதை முன்பே சொல்லி அழைத்துப் போவது நல்லது. காளானும் காய்கறியும் வைத்து ஆவியில் வேகவைத்தது கிடைக்கும். தைவானில் சைவத்தைக் குறிக்கும் சொல் 'சு'. 'வோ ச்சி சு' என்றால் 'நான் சைவம் சாப்பிடுகிறேன்' என்று பொருள். பௌத்தர்கள் நிறைந்த ஊர் என்பதால் கேட்டதும் புரிந்துகொள்வார்கள். அவர்களில் பலர் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தட்டைப் பற்றியும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வறுத்த சோற்றில் முட்டை இருக்கும்.

வார நாளில், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த மூன்று மணி வாக்கில் போனால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். சனி, ஞாயிறு மாலைகளைத் தவிருங்கள். மெட்ரோவில் சிவப்புத் தடத்தில் தைபே 101 நிலையத்தில் இறங்கினால் வெயிலில் நடக்க வேண்டியதே இல்லை. கட்டணத்தில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து வரும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

சிவப்புப் பயற்றை இனிப்பாக அரைத்துப் பூரணமாக வைத்த கூடை ஒன்று உண்டு. அதைக் கடைசியில் கொண்டுவரச் சொல்லுங்கள். என் அம்மா அதைக் கரண்டியில் வைத்துத் திருப்பித் திருப்பி மடிப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். அதில் சாறு கிடையாது, ஆனால் பூரணம் நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். உங்கள் அம்மாவிடம் பிட்டு ஆறவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.