மூன்றாவது சீடியின் கடைசி இருபது நிமிடம்

வணக்கம் அண்ணா,

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவன். திருநெல்வேலியில் நண்பர்களோடு அறை எடுத்து இருக்கிறேன். போன கிழமை மூன்று இரவுகளில் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ மூன்று பாகங்களையும் பார்த்து முடித்தோம். கடைசிப் பாகம் 11 ஒஸ்கார் வாங்கியது என்று தெரியும். போர்க்காட்சிகள் அபாரம். ஆனால் மோதிரம் எரிமலைக்குள் விழுந்து உருகியதோடு கதை முடிந்துவிட்டதே? அதற்குப் பிறகு படம் முடிகிறது, திரும்பத் தொடங்குகிறது, இன்னொருக்கா முடிகிறது. முடிசூட்டு விழாவில் ஊரே ஃப்ரோடோவுக்கும் அவன் தோழர் மூவருக்கும் தலைவணங்குகிற இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அதைவிட, மோதிரத்தைச் சுமந்துபோய், வென்று வீட்டுக்கு வந்த ஃப்ரோடோ ஏன் ஊரைவிட்டுக் கப்பல் ஏறிப் போகவேண்டும்? எனக்கு அது பிடிபடவேயில்லை.

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நான் அந்தக் கடைசிப் பாகத்தை 2004இல் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்திருந்த காலம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த மச்சான் மூன்று சீடிகளைக் கொண்டுவந்தான். 3 மணி 21 நிமிடப் படம், ஒன்றில் அடங்காது. விறாந்தையில் பாய் விரித்து அயலட்டைப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தோம். சின்ன மாமா பின்னால் கதிரையில். யானைகள் வந்து மோதுகிற இடத்தில் பிள்ளைகள் கத்திக் கூத்தாட, மாமா எழும்பிப்போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தார்.

மூன்றாவது சீடியில் நீங்கள் வேண்டாம் என்கிற அந்த இருபது நிமிடம் வந்தது. நாலு பேரும் ஊருக்குத் திரும்பி, ஊர்த் தவறணையில் ஒரு மேசையில் இருக்கிறார்கள். சுற்றிவர ஒரே சத்தம். யாரோ ஒரு கிழவர் பென்னாம்பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவர, எல்லாருடைய கண்ணும் அதில். இவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், பேசாமல் குடிக்கிறார்கள். அவ்வளவுதான்.

“உதை ஒருக்காப் பின்னுக்கு விடு” என்றார் மாமா. விட்டோம். திரும்பவும் விடச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சலிப்பு. மூன்றாம் தரம் பார்த்துவிட்டு, யாருக்கென்று இல்லாமல் சொன்னார்: “ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.”

1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி நெருங்கிவர, வலிகாமமே எழும்பி நடந்தபோது, அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் அவர். மழை. முன்னும் பின்னும் சனம். ஒரு அடி வைக்க இடமில்லை. அடுத்த வருடம் நாங்கள் சாவகச்சேரியிலிருந்து வீடு திரும்பினோம். அவர் வன்னிக்குள் போய், 2002 ஏப்ரலில் பாதை திறந்த பிறகுதான் வந்தார். வந்த முதல் பின்னேரம் கோயில் வீதியில் எல்லாரும் கையைப் பிடித்து “எப்ப வந்தனி?” என்று கேட்டார்கள். உண்மையான சந்தோசம்தான். பிறகு பேச்சு வெங்காய விலைக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பூசணிக்காயைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஃப்ரோடோ தோளைத் தடவிக்கொண்டு, குத்துப்பட்டு இன்றோடு நாலு வருடம், இன்னும் ஆறவில்லை என்று சொல்வானே, அதைக் கவனித்தீர்களா? அவனுக்குத் தேதி நினைவிருக்கிறது. மாமாவுக்கும் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கினால் அவர் சைக்கிளைத் தொடமாட்டார், எங்கே போவதென்றாலும் நடைதான். இடிந்த வீட்டைத் திருத்தி, ஓடு மாற்றி, கதவு நிலை வைத்து, 2005இல் கனடாவுக்குப் போனார். “இப்பத்தானே வீடு திருத்தினீங்கள்?” என்று நான் சண்டை பிடித்தேன். ஃப்ரோடோ ஏன் போனான் என்ற உங்கள் கேள்வியும் அதேதான் தம்பி. வீட்டைக் காப்பாற்றினவருக்கு அந்த வீட்டில் நித்திரை வரவேண்டும் என்று கட்டாயமில்லை. முடிசூட்டு விழாவோடு படத்தை நிறுத்தியிருந்தால் மாமாவைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு நிமிடமும் இருந்திருக்காது.

எனக்குப் படத்தில் குறை இருக்கிறது. உங்கள் குறைக்கு நேர்மாறானது. இன்னும் இருபது நிமிடம் எடுத்திருக்கவேண்டும். படத்துக்கு மூலமான நாவலின், 1955இல் வந்த மூன்றாம் புத்தகத்தில், கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தை இயக்குநர் பீற்றர் ஜாக்சன் எடுக்காமலே விட்டுவிட்டார். படத்தில் ஊர் விட்டபடியே பச்சையாகக் கிடக்கிறது. புத்தகத்தில் அப்படியில்லை. நாலு பேரும் இருட்டி வந்து சேர, பாலத்தில் படலை பூட்டியிருக்கிறது, பொழுதுபட்டால் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று சட்டம். உள்ளே போனால் ஒழுங்கைக் கரை மரங்கள் தறிபட்டுக் கிடக்கின்றன, ஊரைப் பிடித்துவைத்திருப்பவர்கள் விளைச்சலைக் கணக்கெடுத்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். விருந்து நடந்த வயலில் நின்ற மரம் விழுந்து கிடப்பதைக் கண்டதும், ஃப்ரோடோவோடு எரிமலை வரை போய்வந்த தோழன் சாம் அழுதுவிடுகிறான். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கதையை எழுதிய டோல்கீன், முதலாம் உலகப்போரில், 1916இல் பிரான்சில் சொம் போர்க்களத்தில் நின்றவர். 1918 ஆனபோது நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயத்தை இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய இங்கிலாந்தோடு பொருத்தவேண்டாம் என்றும், தான் சிறுவனாக வாழ்ந்த ஊர் பத்து வயதாவதற்கு முன்பே அழியத் தொடங்கியதென்றும் அதிலேயே சொல்கிறார். அதனால்தான் வீடு திரும்புவதை அவர் ஒரு பக்கத்தில் முடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சாமிடம் ஒரு சின்னப் பெட்டி மண் இருக்கும். அதையும் படம் காட்டவில்லை. மரம் தறித்த இடமெல்லாம் ஒரு கன்று நட்டு, அடியில் அந்த மண்ணில் ஒரு துகளை வைத்துக்கொண்டு போவான். 1996இல் வீடு வந்தபோது எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரம் அடியோடு இல்லை. அம்மம்மா வீட்டுக்குள் போகவேயில்லை. கிணற்றை இறைக்கச் சொன்னா. கலங்கல் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து வளவில் ஒரு முருங்கைத் தடி முறித்துவந்து, மாமரம் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஊன்றி, சாணி உருண்டையொன்றை நுனியில் அப்பிவிட்டா.

மூன்றாம் புத்தகம் என்னிடம் இருக்கிறது. திருநெல்வேலிச் சந்தைக்கு வருகிற நாளில் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். அந்த ஒரு அத்தியாயத்தை வாசித்துவிட்டு, படத்தின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் நண்பர்கள் இல்லாமல் தனியே இருந்து பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.