மேலிருந்து மீன் எண்ணும் வேலை: வாசகர் கேள்வி பதில்

அலாஸ்காவில் மீன்வளத் துறைக்காகச் சிறுவிமானம் ஓட்டும் வேலையைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்று தேதி போட்டு முடித்துவிடுகிறார்கள். அலாஸ்காவில் விமானம் எதற்கு? (ராமேஸ்வரம் வாசகர்)

அங்கே தேதி மட்டும் போதாது. பிரிஸ்டல் விரிகுடாவில் சாக்கை சால்மன் கடலிலிருந்து ஆறேறுவது ஜூன் கடைசியில் சூடுபிடித்து, ஜூலை நடுவுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். 2022-ல் வந்தவை சுமார் 7.9 கோடி மீன்கள். ஒவ்வோர் ஆற்றிலும் இத்தனை மீன் வலைக்குத் தப்பி மேலேறி முட்டையிட வேண்டும் என்று ஓர் இலக்கு உண்டு. அதை எட்டும் போக்கு தெரிந்தால் மீன்பிடிப்பைத் திறப்பார்கள், தெரியாவிட்டால் மூடுவார்கள். அறிவிப்பு நாள்கணக்கில் முன்னதாக அல்ல, சில மணி நேரம் முன்னதாகத்தான் வரும்.

பல ஆறுகளில் கரையோரக் கோபுரத்தில் ஆள் நின்று, இரு கரையிலும் மணிக்குப் பத்து நிமிடம் எண்ணி ஆறால் பெருக்குகிறார்கள். கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் கோபுரம் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. வலையைத் தாண்டிய மீன் அங்கே போய்ச் சேர நாளாகும். அதற்குள் கூட்டம் பெருத்ததா மெலிந்ததா என்று சொல்ல, கீழாற்றின் மேல் பறந்து பார்ப்பதுதான் வழி. கோபுரமோ தடுப்புவேலியோ வைக்கக் கட்டுப்படியாகாத நூற்றுக்கணக்கான சிற்றாறுகளுக்கோ பெரும்பாலும் விமானக் கணக்கு ஒன்றே கதி.

ஓடும் விமானத்திலிருந்து நீருக்குள் இருக்கும் மீனை எப்படி எண்ணுகிறார்கள்? நம்பக்கூடிய எண்ணிக்கையா? (நாகர்கோவில் வாசகர்)

ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. முதலில் கூட்டத்தின் ஓரத்தில் பத்து மீனை எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிய வைப்பார்கள். அதைப் பத்து மடங்காக்கி நூறு, பிறகு ஆயிரம். ஆயிரத்தின் அளவு பிடிபட்ட பிறகு கூட்டத்தின் மேல் அதை வரிசையாக அடுக்கிக்கொண்டே கையிலுள்ள எண்ணுமானியை அழுத்துவார்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் கண் குறைத்தே எண்ணும். மீன் அடுக்கடுக்காக நிற்கும்போது கீழடுக்கு தெரியாது என்பது ஒரு காரணம். அதனால் பெரிய கூட்டத்தைப் படமெடுத்து, தரையிறங்கியபின் சரிபார்ப்பது நல்லது.

உயரம் 300 முதல் 1,000 அடிக்குள், வேகம் 60 முதல் 80 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 முதல் 150 கி.மீ. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி திசை அமைய வேண்டும், ஆறு எண்ணுபவரின் ஜன்னல் பக்கம் வர வேண்டும். போலராய்டு கண்ணாடி இல்லாமல் நீரின் பளபளப்பை வெல்ல முடியாது. ஆனால் அதே கண்ணாடி சில டிஜிட்டல் திரைகளைக் கறுப்பாகக் காட்டிவிடும், விமானி இதைத் தரையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். காற்று நீரில் சிற்றலை எழுப்பினாலோ, மழையில் ஆறு கலங்கினாலோ திரும்பிவிடுவதே மேல். மோசமான வெளிச்சத்தில் எடுத்த எண்ணை வெள்ளைத்தாளில் பார்த்தால் நல்ல எண்ணைப் போலவேதான் இருக்கும்! அதனால்தான் எண்ணுக்குப் பக்கத்தில் நீர்த்தெளிவு, வெளிச்சம், காற்று மூன்றையும் எழுதுகிறார்கள்.

ஒருமுறை பறந்தால் அன்றைக்கு நின்ற மீன் மட்டும்தான் தெரியும். நேற்றே முட்டையிட்டுச் செத்தது கணக்கில் வராது, நாளை வரப்போவதும் வராது. வாரம் ஒருமுறை பறந்ததில் 0, 3,000, 5,000, 4,000, 2,000, 0 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி ஏழால் பெருக்கினால் 98,000 ‘மீன்நாள்’. ஒரு மீன் அந்த ஆற்றில் சராசரியாக 14 நாள் உயிரோடு இருக்கும் என்றால், 14-ஆல் வகுக்க 7,000 மீன். ஆற்றில் இருக்கும் நாளைத் தப்பாக எடுத்தால் விடையும் அதே விகிதத்தில் தப்பும். எண்ணுபவரை ஆண்டுக்காண்டு மாற்றினாலும் இதே கதிதான். ஒருவர் கண் பாதியைப் பார்க்கும், இன்னொருவர் கண் முக்காலைப் பார்க்கும். மீன் கூடியதா, ஆள் மாறியதா என்று பிரிக்க முடியாமல் போகும்.

என்ன விமானம்? எவ்வளவு சுமை ஏற்றலாம்? (கோவை வாசகர்)

எண்ணுவதற்கு பைப்பர் சூப்பர் கப் பேர்போனது. இருக்கைகள் முன்னும் பின்னும் இருப்பதால் இருவருக்கும் இரு பக்கமும் தெரியும். 150 குதிரைத்திறன் எஞ்சின். சரளைத் திட்டில் இறங்க 31 அங்குலப் பெருஞ்சக்கரம் போடுவார்கள். எண்ணுபவர்கள் தங்கும் முகாமுக்குச் சாமான் கொண்டுபோக செஸ்னா 185, 206, இல்லையென்றால் 450 குதிரைத்திறன் பீவர்.

சூப்பர் கப்பின் வழக்கமான உச்ச எடை 1,750 பவுண்டு, அதாவது 794 கிலோ. பெருஞ்சக்கரமும் வானொலியும் சேர்ந்து வெற்று எடை 520 கிலோ என்று வையுங்கள். 85 கிலோ ஆட்கள் இருவர் 170. இரண்டு தொட்டியும் நிரம்ப 36 காலன் பெட்ரோல் 98. மொத்தம் 788. மிச்சம் ஆறே கிலோ! அவசரகாலப் பை ஏற வேண்டுமானால் பெட்ரோல் இறங்க வேண்டும்.

இந்த வேலையில் பெரிய ஆபத்து எது? கரடியா, வானிலையா? (திருச்சி வாசகர்)

வானிலை நிறையப் பேரைக் கொல்கிறது. கரடி விமானத்தில் ஏறுவதில்லை. ஆனால் இந்த வேலைக்கே உரிய ஆபத்து, திரும்பிப் பார்ப்பது. மூஸ் மானைத் தேடி வட்டமிட்டவர்கள் விழுந்து விழுந்து, ‘மூஸ் ஸ்டால்’ என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. ஸ்டால் என்றால் இறக்கை தூக்குவிசையை இழப்பது.

நடப்பது இதுதான். கூட்டம் ஜன்னலுக்குப் பின்னால் நழுவுகிறது. “இன்னொரு சுற்று” என்கிறார் எண்ணுபவர். விமானி சாய்த்துத் திருப்புகிறார். நேராகப் பறக்கும்போது மணிக்கு 45 மைல் வேகத்தில் தூக்குவிசை இழக்கும் இறக்கை, உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது 53-லேயே இழக்கும், 60 டிகிரியில் 64-லேயே. காற்று முதுகில் அடித்தால் தரை வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். வேகம் அதிகம் என்று நினைத்து த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, குறைக்கிறார். கண் மீன்மேல், கால் சுக்கான்மேல், வேகமானியைப் பார்க்க ஆளில்லை. 500 அடியில் சுழன்றால் மீட்க இடமில்லை.

மாற்று, சலிப்பூட்டுகிற அளவுக்கு எளியது. மீன்மேல் வட்டமிடாதே. ஆற்றைவிட்டு விலகி, 30 டிகிரிக்கு மேல் சாயாமல் அகலமாகச் சுற்றி, மறுபடி நேர்கோட்டில் வா. விமானி எண்ணவே கூடாது, “அங்கே பாருங்கள்” என்றால் திரும்பவும் கூடாது. பறக்கும் முன்பே இதைப் பின்னிருக்கையிடம் சொல்லிவிட வேண்டும்.

மிதவை விமானத்தில் காலையில் எதைப் பார்க்க வேண்டும்? (தூத்துக்குடி வாசகர்)

மிதவையின் ஒவ்வோர் அறையிலும் கைபம்பு வைத்து நீரை எடுக்க வேண்டும். அறைக்கு எத்தனை தள்ளு என்று எண்ணி எழுதுங்கள். நேற்று மூன்று, இன்று பதினைந்து என்றால் ஆணியோ தகட்டு இணைப்போ விட்டிருக்கிறது. பின்னறையில் 20 லிட்டர் தங்கினால் 20 கிலோ வாலில் ஏறியது போல. உப்புநீரில் இறங்கினால் அன்றே நன்னீர்விட்டுக் கழுவ வேண்டும், நீர்ச்சுக்கான் கம்பி உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். காற்றில்லாத கண்ணாடி நீரில் உயரம் தெரியாது. கரையை ஒட்டி, நிமிடத்துக்கு 150 அடி இறக்கத்தில், மூக்கைச் சற்றே தூக்கி வைத்து, நீர் தானாக வந்து தொடும்வரை காத்திருக்க வேண்டும்.

முகாமுக்குக் கொண்டுபோகும் சாமானில் எது தொல்லை? (சேலம் வாசகர்)

கரடி ஸ்ப்ரே, அதாவது கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பான். உள்ளே கசிந்தால் விமானி கண் திறக்க முடியாது. மிதவையின் அறையில் வைத்துப் பூட்டுவது வழக்கம். சக்கர விமானமென்றால் காற்றுப்புகாத இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

கூடவே, அவசரச் சாமானை மாநிலச் சட்டமே நெடுங்காலமாகப் பட்டியலிட்டு வந்தது: ஆளுக்கு ஒரு வார உணவு, கோடரி, கத்தி, முதலுதவிப் பெட்டி, தீமூட்டும் பொருள், கொசுவலைத் தொப்பி, சைகைப் பொருள். தூண்டில் முள்ளும் நரம்பும்கூட அதில் இருந்தன.

இந்தியாவில் எடுத்த கமர்ஷியல் லைசென்ஸ் போதுமா? (மதுரை வாசகர்)

போதாது. இந்திய லைசென்ஸைக் காட்டினால் அமெரிக்காவில் தனியார் விமானி அளவுக்குத்தான் அனுமதி தருவார்கள், கூலிக்கு ஓட்ட எழுத்துத் தேர்வும் பறப்புத் தேர்வும் அங்கே எழுத வேண்டும். கமர்ஷியல் லைசென்ஸுக்குப் பறந்திருக்க வேண்டியது இங்கே 200 மணி நேரம், அங்கே பொதுவாக 250. நீர்விமானத் தகுதிக்கு எழுத்துத் தேர்வு இல்லை, பறப்புத் தேர்வு மட்டும். வாடகை விமான நிறுவனத்தில் பகலில் கண்பார்வைப் பறத்தலுக்கே கேப்டனாக இருக்க மொத்தம் 500 மணி நேரம் பறந்திருக்கச் சட்டம் கேட்கிறது, காப்பீட்டுக்காரர்கள் அதற்கு மேலும் கேட்பார்கள். வேலை செய்யும் அனுமதி தனி. பணம் கட்டும் முன் அதை முதலில் விசாரியுங்கள்.